மஞ்சள் வடியட்டும்: கற்றாழைக்கு 21 குறிப்புகள்

கொச்சியில் பழைய ஹார்பர் பாலத்தை இறங்கித் தோப்பும்படிச் சந்துகளுக்குள் நடந்தால், ஒரு செடி கண்ணில் படாமல் போகாது. உடைந்த மண்சட்டி, பெயின்ட் டப்பா, எண்ணெய் டின் என்று எதிலாவது அது நின்றுகொண்டிருக்கும். இங்கே அதன் பெயர் கற்றார்வாழ. குளச்சலிலிருந்தும் தூத்தூரிலிருந்தும் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து போகும் நம்மவர்கள் சோத்துக்கத்தாழை என்பார்கள். சித்த வைத்தியர் குமரி என்பார்.

கொச்சிக்கும் இந்தச் செடிக்கும் பழைய உறவு உண்டு. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சேறியது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் தம் குடும்பத்து ஏடுகளின் துணையோடு சொன்ன மருந்தறிவுதான் அந்த நூலுக்கு உயிர். மலையாளக் கரையின் செடிகளைப் படத்தோடு பதிந்த அந்த நூலில் கற்றாழைக்கும் இடம் இருக்கிறது.

ஒரு மடலை வெட்டிப் பாருங்கள். பச்சைத் தோலுக்கு அடியில் மஞ்சளாகப் பால் கசியும். அதற்கும் உள்ளே கண்ணாடி போலச் சோறு இருக்கும். சோறு குளிர்ச்சி தரும். மஞ்சள் பால் குடலை முறுக்கும் கடும் பேதி மருந்து. ஒரே மடலில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது தெரியாமல் நான் ஒருமுறை மடலை முழுசாக மிக்ஸியில் அடித்துக் குடித்துவிட்டு, ஒரு பகல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மச்சி வந்து, புது மடல் ஒன்றை வெட்டி டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, "மஞ்ஞ போகட்டே, மோளே" என்றார். கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்தவை.

செடியும் மடலும்

1. செடி எதுவென்று உறுதி செய்யுங்கள். ரயில் பாதை ஓரத்தில் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு குடும்பம். அதன் மடல் விறைப்பாக, நார் நாராக இருக்கும். நுனியில் ஊசி போன்ற முள் இருக்கும். அதன் சாறு பட்டால் தோல் எரிந்து தடிக்கும். சோற்றுக்கற்றாழையின் மடல் சதைப்பற்றானது. ஓர முட்கள் மென்மையானவை. வெட்டினால் வழுவழுப்பான சோறு வரும். பூ மஞ்சளாக இருக்கும். அழகுக்காக விற்கும் குட்டை வகைகளையும் வாயில் வைக்காதீர்கள்.

2. தரையில் நடாமல் தொட்டியில் நடுங்கள். தோப்பும்படியிலும் பள்ளுருத்தியிலும் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் தெரியும். கடல் ஏறும் வேலியேற்ற நாட்களில் உப்பு கலந்த ஓருவெள்ளம் முற்றம் வரை வந்துவிடுகிறது. நின்ற நீரில் கற்றாழையின் வேர் அழுகிவிடும். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் 2 பங்கு மணல், 1 பங்கு மண், 1 பங்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

3. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், மே கடைசியிலேயே தொட்டியைச் சன்ஷேடு அடிக்கு நகர்த்துங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் இது; வறண்ட நிலத்துக்குப் பழகிய செடிக்கு அவ்வளவு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெயில் காலத்தில் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் வாடாத செடி இது. பகலில் இலைத் துளைகளை மூடி வைத்து இரவில் மட்டும் திறப்பதால் இதற்கு நீர் இழப்பு மிகக் குறைவு.

4. அடிமடலை எடுங்கள். நடுக்குருத்துப் பக்கம் கத்தி போகக்கூடாது. நட்டு 2, 3 வருடம் ஆன செடியில் மண்ணை ஒட்டிய வெளிமடல்தான் முற்றியது. அதில்தான் சோறு தடிமனாக இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மடலுக்கு மேல் வெட்டாதீர்கள். மழை விட்டு நாலைந்து நாள் வெயில் பட்டபின் வெட்டினால் சோறு நீர்த்துப்போகாமல் கெட்டியாகக் கிடைக்கும்.

5. மஞ்சளை வடியவிடுங்கள். வெட்டிய முனை கீழே இருக்கும்படி மடலை ஒரு டம்ளரில் சாய்த்து 15 நிமிடம் வையுங்கள். வடிவதைக் கொட்டிவிட்டு, வெட்டிய முனையில் இன்னும் ஒரு விரற்கடை நறுக்கி எறியுங்கள். மஞ்சள் பால் துணியில் பட்டால் கறை போகாது; பழைய துணி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த 15 நிமிடத்தில் அவசரப்பட்டால், பின்னால் எத்தனை பக்குவம் செய்தும் பயனில்லை.

6. ஏழு தண்ணீரில் அலசுங்கள். இரண்டு ஓரத்து முட்களையும் சீவுங்கள். மேல்தோலைக் கொஞ்சம் சதையோடு சேர்த்தே தாராளமாக நீக்குங்கள். மஞ்சள் பால் தங்குவது தோலை ஒட்டிய அந்த வரிசையில்தான். சோற்றைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றி 7 தடவை அலசுங்கள். கடைசியில் ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் இன்னும் இரண்டு தண்ணீர்.

7. கொஞ்சமாக எடுத்து அன்றே தீர்த்துவிடுங்கள். முழு மடலைக் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். எடுத்த சோறு மூடிய கண்ணாடி டப்பாவில் 3 நாள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். சோறு சிவந்தோ புளித்த வாடை அடித்தோ இருந்தால் செடிக்கு உரமாகப் போகட்டும்.

தோலுக்கு

8. முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். ஒரு பொட்டு அளவு தடவி ஒரு நாள் காத்திருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் கற்றாழை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொருள். வெங்காயம், பூண்டு ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். குழந்தைகளுக்குத் தடவும் முன் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

9. வெயிலில் கன்றிய தோலுக்குச் சோற்றைக் குளிரவைத்துத் தடவுங்கள். நாள் முழுக்கப் படகில் நின்று திரும்புகிறவர்களின் கழுத்தும் புறங்கையும் மாலையில் காந்தும். முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவிவிட்டு, ஃப்ரிட்ஜில் இருக்கும் சோற்றை மெல்லிசாகப் பூசி 20 நிமிடம் விடுங்கள். சோற்றில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆனால் கற்றாழை வெயிலைத் தடுக்காது. தடவிக்கொண்டு வெயிலில் போகலாம் என்று நம்பிவிடாதீர்கள். துண்டும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் காவல்.

10. வேர்க்குருவுக்கு மத்தால் கடைந்த சோறு. மார்ச், ஏப்ரலில் கொச்சியின் புழுக்கத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு பூக்கும். குளித்துத் துடைத்தபின், நன்றாகக் கடைந்த சோற்றைத் தடவி, காய்ந்ததும் கழுவுங்கள். பூசி அப்படியே விட்டால் பிசுபிசுப்பு வேர்வையை அடைத்து அரிப்பைக் கூட்டும். தடவிய பிறகு பருத்திச் சட்டை போடுங்கள்.

11. உப்பும் சோடாவும் அரித்த கைகளுக்குக் கற்றாழையோடு எண்ணெய். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்துத் தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் கைகளையும், துறைமுகத்தில் ஐஸ் அள்ளும் கைகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் குறிப்பின் அருமை தெரியும். சோறு மட்டும் தடவினால் காய்ந்ததும் தோல் இழுக்கும். இரவில் கை கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே 1 கரண்டி சோற்றில் அரைக் கரண்டி தேங்காய் எண்ணெய் குழைத்துத் தேய்த்துவிட்டுப் படுங்கள். சோறு ஈரம் தரும். எண்ணெய் அந்த ஈரத்தை வெளியே விடாமல் காக்கும். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு தடவலாம்.

12. முகத்துக்குத் தனிச் சோறு போதும். கடைந்த சோற்றை மெல்லிசாகப் பூசி 15 நிமிடத்தில் கழுவுங்கள். வாரத்துக்கு 2 தடவை. எலுமிச்சைச் சாறு கலக்காதீர்கள். எலுமிச்சை பூசிய தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்த தழும்பு விழும். மஞ்சள் பால் கலந்திருந்தாலும் முகம் எரியும். பருவுக்குக் கற்றாழை ஆறுதல் தரலாம். சீழ் கட்டிய பெரிய பருக்களுக்குத் தோல் டாக்டர்தான் வழி.

13. சூட்டுக்காயத்துக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் கற்றாழை. தோசைக்கல்லோ ஆவியோ சுட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். சூடு முழுக்க அடங்கியபின், சுத்தமான கையால் புதுச் சோற்றைத் தடவலாம். தோல் சிவந்த சிறிய காயங்கள் கற்றாழையால் சில நாள் முன்னதாகவே ஆறியதாக ஆய்வுகள் உண்டு. கொப்புளம் பெரிதாக எழுந்தாலோ, காயம் உள்ளங்கையைவிட அகலமாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

14. ஆழமான காயத்தில் வைக்காதீர்கள். கெளிற்று மீன் முள் ஏறியது, கத்தி இறங்கியது, ஆபரேஷன் தையல் ஆகிய எதற்கும் கற்றாழை மருந்தில்லை. ஆபரேஷன் புண்கள் கற்றாழையால் ஆறத் தாமதமானதாக 1991இல் ஓர் ஆய்வு சொன்னது. முள்ளோ கத்தியோ பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு அன்றே போங்கள்.

15. காய்ச்சிய எண்ணெய்க்குச் சோற்றின் ஈரம் வற்ற வேண்டும். கொச்சியில் தலைக்குத் தேய்ப்பது காய்ச்சிய எண்ணெய்தான். அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் 1 கப் கடைந்த சோறு, 1 கைப்பிடி கறிவேப்பிலை, 1 கரண்டி சீரகம் போட்டுச் சிறுதீயில் கிளறுங்கள். சடசடப்பு அடங்கி, அடியில் தங்கும் கசடு விரலில் மணல் போல நெருடும்போது இறக்குங்கள். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் பூத்துக் கெட்டுவிடும். ஆறியபின் வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். இந்த எண்ணெய் வறண்ட தலைக்கும் சொரசொரப்பான முடிக்கும் நல்லது. வழுக்கையில் முடி முளைக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வயிற்றுக்கு

16. சம்பாரம் என்னும் நீர்மோரில் சேருங்கள். குறிப்பு 5, 6 இரண்டையும் முடித்த சோற்றில் மட்டும் இதைச் செய்யுங்கள். 1 மேசைக்கரண்டி சோற்றுத் துண்டு, 1 டம்ளர் நீர்மோர், ஒரு சிறு துண்டு இஞ்சி, 4 கறிவேப்பிலை, உப்பு, பெருங்காயம் ஒரு சிட்டிகை. மத்தால் கடைந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். சம்பாரத்தில் வழக்கமாகப் போடும் பச்சை மிளகாயை நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் விட்டுவிடுங்கள். முதல் நாள் அரைக் கரண்டியில் தொடங்குங்கள். வயிறு கலங்கினால் நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். தினசரிப் பழக்கமாக்க வேண்டாம்.

17. எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்து நம்புங்கள். ஈரானில் 79 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நெஞ்செரிச்சலுக்குக் கற்றாழைச் சிரப் ஓரளவு கேட்டது. 2004இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பெருங்குடல் புண்ணுள்ள 44 பேருக்கு 4 வாரம் சோற்றுச் சாறோ வெற்றுச் சாறோ கொடுத்துப் பார்த்தபோது, சோற்றுச் சாறு குடித்தவர்களில் கூடுதலானோர் தேறினார்கள். இரண்டும் சிறிய ஆய்வுகள். ஆகவே டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டுக் கற்றாழைக்கு மாறாதீர்கள். சாப்பிட முடியாத அளவு வலி, கறுத்த மலம், எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

18. மலச்சிக்கலுக்கு மஞ்சள் பாலைத் தேடாதீர்கள். அதிலுள்ள அலோயின் குடலைத் தூண்டிப் பேதியாக்கும்; கூடவே வயிற்றைப் பிடுங்கும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2002இல் அமெரிக்க அரசு கற்றாழை சேர்ந்த பேதி மருந்துகளைக் கடை விற்பனையிலிருந்து விலக்கியது. மஞ்சள் நீக்காத முழு மடல் சாற்றை 2 ஆண்டு குடித்த எலிகளின் குடலில் கட்டிகள் வந்தன. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தச் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற வரிசையில் வைத்திருக்கிறது. மலச்சிக்கலுக்குக் கஞ்சியும் பயறும், இரவில் ஒரு ஞாலிப்பூவன் பழமும், நாள் முழுக்கத் தண்ணீரும் முதல் மருந்து.

19. சென்னிநாயகம் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் பாலைக் காய்ச்சி உலர்த்திய கறுப்புக் கட்டிதான் அது. நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்பார்கள். பால் மறக்கவைக்க அதை இழைத்து மார்க்காம்பில் தடவும் வழக்கம் கேரளத்தில் உண்டு. கசப்பில் குழந்தை முகம் சுளிப்பதோடு நில்லாமல் கொஞ்சம் விழுங்கியும்விடும். விழுங்குவது பேதி மருந்து. அந்தப் பழக்கத்தை அன்போடு விட்டுவிடுங்கள். குமரி லேகியம், குமார்யாசவம் போன்றவற்றையும் வைத்தியர் அளந்து கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

20. யார் குடிக்கக்கூடாது, எதை வாங்கக்கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள் குடிக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென இறங்கலாம். இதயத்துக்கு டிகாக்ஸின், நீர் இறங்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். பாட்டில் சாறு வாங்கினால் உள்சோற்றில் எடுத்ததா, அலோயின் நீக்கியதா என்று லேபிளில் பாருங்கள். கற்றாழைத் தொழிலின் சர்வதேசச் சங்கம் குடிக்கும் சாற்றுக்கு வகுத்த எல்லை பத்து லட்சத்தில் 10 பங்கு அலோயின். 'முழு மடல்' என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெட்டிய தோலையும் வடித்த மஞ்சளையும் பூனை, நாய் வாய் வைக்காத இடத்தில் போடுங்கள். அவற்றுக்கும் வாந்தி பேதி வரும்.

21. கன்று கொடுக்கும்போது சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். தாய்ச்செடியைச் சுற்றி முளைக்கும் பக்கக்கன்று ஒரு சாண் வளர்ந்ததும் வேரோடு பிரியுங்கள். வெட்டுக்காயம் காய 2 நாள் நிழலில் வைத்து, பிறகு மணல் கலந்த மண்ணில் நடுங்கள். முதல் வாரம் தண்ணீர் வேண்டாம். எங்கள் சந்தில் இன்று நிற்கும் பாதிக் கற்றாழைகள் அம்மச்சியின் தொட்டியிலிருந்து போனவை. இப்போது என் தொட்டியிலிருந்தும் கன்று போகிறது. வாங்கிக்கொள்ளும் பெண்ணின் கையில் ஒரு டம்ளரையும் வைத்து, மடலைச் சாய்த்துக் காட்டி, அம்மச்சியின் அந்தச் சொல்லை நானும் சொல்லி அனுப்புகிறேன்.